பதினாலாம் நம்பர் வாய்க்கால்

மாடி அறை, 41, பெவரெல் தெரு
8 அக்டோபர் 2017

ரஸ்ஸலுக்கு,

ஆறு முறை ஃபோன் அடித்துவிட்டேன், நீ எடுக்கவில்லை. அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டாய் என்று நீலக் கோடு மட்டும் காட்டுகிறது. கடிதம் என்றால் அடுப்பில் போடுவதற்கு முன்பாவது பிரித்துப் பார்ப்பாய் என்று எழுதுகிறேன். உனக்கு வரும் தபாலே விதைக் கம்பெனி விளம்பரம் ஒன்றுதானே.

கிளம்பிய அன்று காலை நான் பேசியது அதிகம்தான். "இருபத்திரெண்டு வருஷமா மெஷினை வெச்சு வாய்க்காலைச் சுரண்டுறே. அதுல என்னென்ன செத்துப்போகுதுன்னு ஒரு நாளாவது குனிஞ்சு பாத்தியா?" என்று கேட்டேன். நீ பேசியதும் குறைவில்லை. "கேரட் பேக் பண்றவளுக்குப் பல்கலைக்கழகம் ஒண்ணுதான் குறைச்சல். நாப்பத்து மூணு வயசுல முதுகுல பையை மாட்டிக்கிட்டுப் போ" என்றாய். அக்காவும் தம்பியும் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டோம். கணக்கு சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளக் கூடாதா?

நான் என்ன படிக்கிறேன் என்பதை நீ காது கொடுத்துக் கேட்கவே இல்லை. பதினாறு வயதில் பள்ளியை விட்டவர்களை நேராகப் பட்டப்படிப்பில் சேர்க்க மாட்டார்கள். முன்னால் ஒரு அடித்தள ஆண்டு உண்டு. கணக்கு, வேதியியல், உயிரியல், கடைசியில் சொந்தமாக ஒரு கள ஆய்வு. நான்கிலும் தேறினால் சூழலியல் படிக்க முதலாம் ஆண்டுக்குள் விடுவார்கள். ஒன்றில் தவறினாலும் வாசலோடு சரி, கேரட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். வகுப்பில் என்னைத் தவிர எல்லோருக்கும் பத்தொன்பது வயது. முதல் நாள் ஒரு பையன் என்னை ஆசிரியர் என்று நினைத்து எழுந்து நின்றான்.

எங்கள் ஆசிரியர் நெரிஸ், வேல்ஸ்காரி, என்னைவிட இளையவள். "உங்க வீட்டுக்குப் பக்கத்துல எந்தத் தண்ணி ஓடுதோ அதுல ஒரு பாட்டில் கொண்டு வாங்க" என்று முன்பே எழுதியிருந்தாள். நான் நம் வீட்டுப் பின்னால் ஓடும் வாய்க்காலில் ஒரு ஜாம் பாட்டில் மொண்டு வந்திருந்தேன். அதில் ஒரே ஒரு சொட்டை நுண்ணோக்கியின் அடியில் வைத்தார்கள்.

ரஸ்ஸல், நான் அங்கேயே சத்தம் போட்டுவிட்டேன். ஒரு பச்சை உருண்டை மெல்ல உருண்டு வருகிறது. கண்ணாடி போல அதன் உள்ளே தெரிகிறது. உள்ளே ஏழு சின்ன உருண்டைகள், அவையும் உருளுகின்றன. அந்தச் சின்னதற்குள் இன்னும் சின்னதாகப் புள்ளிகள். அம்மா, பிள்ளை, பேத்தி எல்லாம் ஒரே தோலுக்குள் இருந்துகொண்டு நீந்துகின்றன. நம் வீட்டுப் பின்னால்! நாற்பத்து மூன்று வருஷம் நான் அந்தத் தண்ணீரில் சேற்றுச் செருப்பைக் கழுவியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, பக்கத்தில் இருந்த பெண் காகிதக் கைக்குட்டை கொடுத்தாள்.

பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. பாய்லர் பட்டனை இரண்டு முறை அழுத்த வேண்டும், மறக்காதே.

லோர்னா

*

ஸ்லேட்டர்ஸ் ஃபென்
29 அக்டோபர்

லோர்னா,

வீட்டில் எழுதுகிற காகிதம் இல்லை. எங்கள் வடிகால் வாரியத்தின் பழைய வேலைத்தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தைப் பார்க்காதே, எட்டாம் நம்பர் வாய்க்காலில் எத்தனை மணி வேலை என்றுதான் இருக்கும்.

தூர் வாருகிற மாதம் இது, உனக்கே தெரியும். ஆறு மணிக்குப் போனால் இருட்டித்தான் வருகிறேன். நான் சுரண்டாவிட்டால் ஜனவரியில் இந்த ஊரே தண்ணீருக்குள் நிற்கும். நீ மொண்டு போன ஜாம் பாட்டிலும் மிதக்கும். அதை உன் வகுப்பில் சொன்னார்களா?

பாய்லர் பட்டனை மூன்று முறை அழுத்த வேண்டும். இரண்டு என்று இத்தனை நாள் நீ தப்பாகச் சொல்லியிருக்கிறாய்.

கணக்கு ஒன்றும் சரியாகவில்லை. நீ சொன்னது உள்ளே அப்படியே நிற்கிறது.

அந்தப் பச்சை உருண்டை எந்தப் பக்கமாக உருண்டது? ஒரே பக்கமா, திரும்பி வந்ததா?

ரஸ்ஸல்

*

பெவரெல் தெரு
21 ஜனவரி 2018

ரஸ்ஸல்,

வெளிச்சம் இருக்கும் பக்கமாக உருண்டது. விளக்கை மாற்றி வைத்தால் திரும்பி வந்தது. உன் கேள்வியை நெரிஸிடம் சொன்னேன். "இதைக் கேட்டது யாரு? என் வகுப்புல ஒருத்தரும் கேக்கலையே" என்றாள். என் தம்பி, மண் வாரும் மெஷின் ஓட்டுகிறான் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், முகத்தைச் சுளிக்காதே.

வேதியியலில் அறுபத்தொன்று. கணக்கில் முப்பத்தைந்து. தேற நாற்பது வேண்டும், ஏப்ரலில் மறுபடி எழுதலாம். விலகல் என்று ஒன்று கற்றுக்கொடுக்கிறார்கள். ஒரு கூட்டத்தின் சராசரி எங்கே இருக்கிறது, ஒவ்வொருத்தரும் அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்று பார்ப்பது. என் வகுப்பில் நான்தான் அது என்று ஒரு நாள் தாளில் எழுதிவைத்தேன்.

இப்போது உன்னிடம் ஓர் உதவி. கள ஆய்வுக்கு நான் நம் ஊர் வாய்க்கால்களை எடுத்திருக்கிறேன். பன்னிரண்டு வாய்க்கால். ஒவ்வொன்றிலும் மூன்று நிமிடம் வலையை வீசி, வெள்ளைத் தட்டில் கொட்டி, எத்தனை வகை உயிர் என்று எண்ண வேண்டும். பிறகு அந்த வாய்க்கால் எப்போதெல்லாம் தூர் வாரப்பட்டது என்ற பதிவோடு வைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் மேலாளர் கோல்பிக்கு எழுதினேன். முடிவை முதலில் வாரியத்துக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்துவிட்டார். "பதிவெல்லாம் உங்க தம்பி கையெழுத்துதான், அவரையே கேளுங்க" என்று பதில் போட்டிருக்கிறார்.

அனுப்புவாயா? எனக்கு வேறு வழி இல்லை.

லோர்னா

*

ஸ்லேட்டர்ஸ் ஃபென்
4 பிப்ரவரி

லோர்னா,

கேட்டது உள்ளே இருக்கிறது. பன்னிரண்டு வாய்க்கால், ஒன்பது வருஷம். பதினொன்று மூன்று வருஷத்துக்கு ஒரு முறை. பதினாலாம் நம்பர் மட்டும் வருஷா வருஷம், ஹார்ட்லியின் உருளைக்கிழங்கு வயல் அதை நம்பி இருப்பதால். இரு கரையும் அடி வரை.

பதினாலை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள். அங்கே ஒன்றும் இல்லை. ஹார்ட்லியின் காளை வேறு அந்தப் பக்கம்தான் மேய்கிறது, ஆள் பார்த்தால் முட்டும்.

முப்பத்தைந்து என்பது அவ்வளவு மோசம் இல்லை. நான் பள்ளியில் வாங்கியது பதினொன்று.

ரஸ்ஸல்

*

பெவரெல் தெரு
15 ஏப்ரல்

ரஸ்ஸல்,

ஈஸ்டருக்கு நான் வருகிறேன் என்று தெரிந்தே நீ ஸ்கெக்னெஸ் கடற்கரைக்குப் போய்விட்டாய். வீட்டுச் சாவி தொட்டிக்கு அடியில் இருந்தது. குளிர்பெட்டியில் என் பெயர் எழுதிவைத்த பன்றிக்கறி பேஸ்ட்ரி. வாசலில் அப்பாவின் இடுப்பு வரை வரும் ரப்பர் காலணி, கிழிசலில் புது ஒட்டு. ஒட்டு போட நேரம் இருந்தவனுக்கு இருந்து முகம் காட்ட நேரம் இல்லை. பேஸ்ட்ரி நன்றாக இருந்தது.

எட்டு நாளில் பதினோரு வாய்க்கால் முடித்தேன். பதினாறு வகை, இருபது வகை, அதிகபட்சம் இருபத்து நான்கு. கடைசி நாள் பதினாலுக்குப் போனேன். நீ போகாதே என்றால் நான் போவேன் என்று உனக்குத் தெரியாதா? காளை எதையும் காணோம். மூன்று ஆடு இருந்தது, அதில் ஒன்று நொண்டி.

முதல் வலை தூக்கும்போதே கனமாக இருந்தது. தட்டில் கொட்டினேன். தட்டே அசைந்தது, ரஸ்ஸல். ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட நத்தை, தட்டான் குஞ்சு, ஊசித்தட்டான் குஞ்சு, தலைகீழாக நீந்தும் பூச்சி, கட்டைவிரல் அளவுக் கறுப்பு வண்டு, முள்மீன். எண்ணி எண்ணி விரல் மரத்துப்போனது. ஐம்பத்தேழு வகை! மூன்று நிமிடத்தில்! நான் தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி எண்ணினேன்.

அப்புறம் கரையில் படுத்துத் தண்ணீருக்குள் பார்த்தேன். பாசிக்கு நடுவே பாதரசத் துளி போல ஒன்று மின்னியது. அதற்குக் கால் இருந்தது. ஒரு சிலந்தி, ரஸ்ஸல். தண்ணீருக்கடியில் நூலால் ஒரு பந்தல் கட்டி, அதற்குள் காற்றை நிரப்பி, அந்தக் குமிழிக்குள் உலர்ந்த உடம்போடு உட்கார்ந்திருக்கிறது. மேலே வந்து வயிற்றில் காற்றை வாரிக்கொண்டு திரும்ப உள்ளே போகிறது. நான் மூச்சு விடக்கூட மறந்து கிடந்தேன். எனக்குச் சாமி நம்பிக்கை அதிகம் இல்லை என்று உனக்குத் தெரியும். அங்கே படுத்திருந்தபோது யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும் போல் இருந்தது, யாருக்கென்று தெரியவில்லை.

நீ வருஷா வருஷம் அடி வரை சுரண்டுகிற வாய்க்காலில் இவ்வளவு உயிர் எப்படி இருக்க முடியும்?

லோர்னா

*

ஸ்லேட்டர்ஸ் ஃபென்
22 ஏப்ரல்

லோர்னா,

போகாதே என்றேன். போய்விட்டாய். சின்ன வயதிலிருந்து இதே வேலை.

எந்த இடத்தில் படுத்தாய்? மதகிலிருந்து நாற்பது அடிக்குள் என்றால் பாசியை மிதித்திருப்பாய். அங்கேதான் அதுகள் நெருக்கமாக இருக்கும். ஜூனில் குமிழியின் மேல் பாதியில் வெள்ளையாக முட்டைப்பை கட்டும். அப்போது பக்கத்தில் கால் வைத்தால் விட்டுவிட்டுப் போய்விடும்.

நத்தைக்கும் பூச்சிக்கும் யார் வாய்க்காலைச் சுரண்டினார்கள் என்று தெரியுமா என்ன? எங்கே பிடிக்கிறதோ அங்கே இருக்கும். எழுதிக் கொடுத்துவிட்டுத் தேறுகிற வழியைப் பார்.

ரஸ்ஸல்

*

பெவரெல் தெரு
6 மே

ரஸ்ஸல்,

கணக்கில் நாற்பத்து நான்கு. தேறிவிட்டேன். அந்தச் சந்தோஷத்தை முழுசாகக் கொண்டாட முடியவில்லை.

படம் வரைந்து பார்த்தேன். பதினொரு புள்ளி கீழே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பதினாலு மட்டும் மேலே, தன்னந்தனியாக. உன் பதிவை நம்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வாரினால் உயிர் குறையும், வருஷா வருஷம் இரு கரையும் வாரினால் பெருகும். நெரிஸ் படத்தைப் பார்த்துவிட்டு, "ஒத்தைப் புள்ளியை வெச்சு எதையும் நம்பாதே. ஆனா ஏதோ இருக்கு, என்னன்னு கண்டுபிடி" என்றாள்.

நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். நிபந்தனைப்படி முதல் வரைவை அன்றே கோல்பிக்கு அனுப்பிவிட்டேன். அவர் அடுத்த நாளே பதில் போட்டார். அவருக்கு ஒரே குஷி. வரும் அக்டோபரிலிருந்து ஸ்லேட்டர்ஸ் ஃபென்னில் எல்லா வாய்க்காலையும் வருஷா வருஷம் இரு கரையும் அடி வரை வாரப் போகிறாராம். தண்ணீரும் ஓடும், இயற்கையும் வளரும், பல்கலைக்கழகமே சொல்லிவிட்டது என்கிறார். ஜூன் எட்டாம் தேதி, எங்கள் ஆய்வுகளைச் சுவரில் ஒட்டி விளக்கும் சுவரொட்டிக் காட்சிக்கு நேரில் வருகிறார்.

நூற்றுப் பத்து மைல் வாய்க்கால், ரஸ்ஸல். அதை வாரப்போவது நீ. சொல்லப்போவது நான்.

உன் கடிதத்தைப் பத்து முறை படித்தேன். ஜூனில் முட்டைப்பை கட்டும் என்பதை நான் நூலகத்தில் தேடித்தான் தெரிந்துகொண்டேன். நீ எங்கே தெரிந்துகொண்டாய்? ஒரே கேள்விதான் கேட்கிறேன். பதினாலை நீ வாருகிறாயா, இல்லையா?

லோர்னா

*

ஸ்லேட்டர்ஸ் ஃபென்
12 மே

லோர்னா,

2008, அக்டோபர் பதினாறு. பதினாலில் தெற்குக் கரையை முடித்துவிட்டு, எஞ்சினை அணைத்து, வடக்குக் கரையில் சாப்பிட உட்கார்ந்தேன். ரொட்டி, சீஸ், ஊறுகாய் வெங்காயம். வெங்காயம் கைதவறித் தண்ணீரில் விழுந்தது. கடைசி வெங்காயம். அதை எடுக்கக் குனிந்தேன். ஒரு நாளாவது குனிந்து பார்த்தாயா என்று கேட்டாயே, குனிந்தேன் லோர்னா. வெங்காயத்துக்காகத்தான்.

வெங்காயத்துக்குப் பக்கத்தில் அது இருந்தது. வெள்ளித்துளி, எட்டுக் கால். நீ எழுதியதையே நானும் பார்த்தேன். மேலே வந்தது, பின்பக்கத்தைத் தண்ணீருக்கு வெளியே நீட்டிக் காற்றைக் கவ்வியது, உள்ளே போனது. மறுபடி வந்தது. தண்ணீருக்கடியில் அது வீட்டுக்குக் காற்றை மூட்டை மூட்டையாகச் சுமந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. எழுந்தபோது எஞ்சின் ஆறிப்போயிருந்தது.

அப்புறம் தெற்குக் கரையில் நான் வாரிப் போட்ட சேற்றைத் திரும்பிப் பார்த்தேன். காலையிலிருந்து போட்டது. அதில் அதுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. குமிழி போய், வெள்ளி போய், சாதாரணப் பழுப்புச் சிலந்தியாக, எங்கே போவதென்று தெரியாமல். சாப்பாட்டு டப்பா மூடியை எடுத்து ஒவ்வொன்றாக அள்ளித் தண்ணீரில் விட்டேன். முப்பத்தொன்று வரை எண்ணினேன். பதிமூன்று வருஷமாக நான் வாரிப் போட்டதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கு வடக்குக் கரையில் என்னால் மெஷினின் வாளியை இறக்க முடியவில்லை. தாளில் இரு கரையும் முடிந்தது என்று எழுதினேன்.

அதன்பிறகு ஒரு வருஷம் இந்தக் கரை, மறு வருஷம் அந்தக் கரை. வாருவதும் பாதி வரைதான். தண்ணீர் ஒரு முறைகூட ஹார்ட்லியின் வயலில் ஏறவில்லை. மிச்ச நேரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தையும் வேலை என்றே எழுதினேன். ஒன்பது வருஷம். மற்ற வாய்க்கால்களில் சொன்னபடியே வாரினேன். அங்கே குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

வாரியத்தில் சொல்லியிருந்தால் சாராயக்கடையில் ஆயுசுக்கும் என் பெயர் சிலந்திதான். உன்னிடம் சொல்லியிருக்கலாம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பிறகு நீ பல்கலைக்கழகத்தின் புத்தகத்தோடு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாய். நான் ஒளித்துவைத்துப் பார்த்ததற்கெல்லாம் உனக்குப் பெயர் கிடைக்கப்போகிறது என்று தோன்றியது. பொறாமை, லோர்னா. அவ்வளவுதான் அது.

வெளியே தெரிந்தால் என் வேலை போய்விடும். பதினெட்டு வயதிலிருந்து எனக்கு இந்த மெஷினைத் தவிர ஒன்றும் தெரியாது. பதினாலை உன் தாளிலிருந்து எடுத்துவிடு. கேட்கிறேன்.

ரஸ்ஸல்

*

பெவரெல் தெரு
17 மே

ரஸ்ஸல்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே போய் இரண்டு மணி நேரம் நடந்தேன். ஒன்பது வருஷம் நீ சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து பட்டாணியைத் தள்ளிவைத்துக்கொண்டு இதை வயிற்றுக்குள் வைத்திருந்தாய். நான் உன்னைப் பார்த்துக் கேட்ட கேள்வியை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது. மன்னித்துவிடு. இதை மனசார எழுதுகிறேன்.

பதினாலைச் சத்தமில்லாமல் எடுக்க முடியாது. கோல்பி கையில் படம் இருக்கிறது. அதனால் ஒன்று தீர்மானித்திருக்கிறேன். நான் மாதிரிப் புட்டிகளை மாற்றி வைத்துவிட்டேன், பதினாலின் எண்ணிக்கை பொய், வேறு எங்கோ எடுத்தது என்று நெரிஸிடம் சொல்லிவிடுவேன். கோல்பியின் திட்டம் அதோடு நின்றுவிடும். உன் பெயர் எங்கும் வராது. கள ஆய்வில் எனக்கு முட்டை கிடைக்கும், முதலாம் ஆண்டு போய்விடும். ஆனால் அந்தச் சிலந்தியை நான் பார்த்துவிட்டேன் இல்லையா? அதை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது. கேரட் ஆலையில் மேற்பார்வையாளர் என்னை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரச் சொன்னாள்.

நெரிஸுக்கான கடிதம் எழுதி மேசைமேல் இருக்கிறது. எட்டாம் தேதி காலை கொடுப்பேன்.

லோர்னா

*

ஸ்லேட்டர்ஸ் ஃபென்
20 மே

லோர்னா,

அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. பொய் எழுதுவதற்கு நம் வீட்டில் ஓர் ஆள் போதும்.

படத்தில் பதினாலு இருக்கட்டும். எட்டாம் தேதி எத்தனை மணிக்கு?

ரஸ்ஸல்

*

பெவரெல் தெரு
11 ஜூன்

ரஸ்ஸல்,

அன்றைக்கு உன்னிடம் ஒன்றும் பேச முடியவில்லை. நீயும் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று ஓடிவிட்டாய். அதனால் எழுதுகிறேன். நீ அங்கே இருந்தாய்தான், ஆனால் நான் பார்த்தது உனக்குத் தெரியாது.

மண்டபத்தில் எல்லோரும் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார்கள். கோல்பி என் சுவரொட்டிக்கு முன்னால், "பாருங்க, வருஷா வருஷம் சுத்தம் பண்ணினா எப்படின்னு" என்று யாரோ ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நீ அப்பாவின் கல்யாணக் கோட்டும் வேலைக் காலணியுமாக உள்ளே வந்தாய். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"சார், அந்தப் பதினாலு தப்பு. எண்ணிக்கை சரி. பதிவுதான் தப்பு. எழுதினவன் நான்" என்றாய். கோல்பி சிரித்தார், நீ கிண்டல் செய்கிறாய் என்று நினைத்திருக்க வேண்டும். நீ பையிலிருந்து அந்தச் சிவப்பு நோட்டை எடுத்தாய். அப்படி ஒன்று இருக்கிறது என்று எனக்கே தெரியாது. "வாரினது, வாராம விட்டது, பாத்தது எல்லாம் இதுல தேதி வாரியா இருக்கு. இதுதான் நிஜம்" என்றாய்.

"ஒன்பது வருஷமா எனக்குப் பொய்த் தாளா குடுத்தீங்க?"

"ஆமாங்க. ஒன்பது வருஷத்துல ஒரு நாளாவது ஹார்ட்லி வயல்ல தண்ணி ஏறிச்சா?"

"அது கேள்வி இல்ல, ரஸ்ஸல்."

"எனக்கு அதுதாங்க கேள்வி."

கோல்பி தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நீ கையைப் பிசைந்துகொண்டு நின்றாய். நீ பார்க்காதது இதுதான். நெரிஸ் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் போனாள். நின்றபடியே படித்தாள். மற்ற மாணவர்கள் காத்திருந்தார்கள், அவள் நிமிரவே இல்லை. முட்டை கட்டிய தேதி, குஞ்சு வெளியே வந்த தேதி, உறைபனியில் காலி நத்தை ஓட்டுக்குள் அது புகுந்து வாயை அடைத்துக்கொண்டது, எல்லாவற்றையும் நீ பென்சிலால் வரைந்திருக்கிறாய். உனக்கு வரையத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. கடைசியில் நெரிஸ் வந்து, "லோர்னா, பதினேழு வருஷமா நான் இதைத்தான் படிக்கிறேன். இதுல பாதி எனக்குத் தெரியாது" என்றாள்.

புது எண்களை வைத்து ஆய்வைத் திருத்தி எழுதச் சொல்லியிருக்கிறாள். பதிவைத் தந்தவர் என்ற இடத்தில் உன் பெயர் வரும்.

எனக்கு உன்னை நினைத்துப் பெருமையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. வாரியம் என்ன செய்யும்?

லோர்னா

*

ஸ்லேட்டர்ஸ் ஃபென்
27 அக்டோபர் 2018

லோர்னா,

முதலாம் ஆண்டு நன்றாகப் போகிறது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். பையன்கள் இன்னும் உன்னைப் பார்த்து எழுந்து நிற்கிறார்களா?

வேலை போய்விட்டது. விசாரணை வைத்தார்கள். தாளில் பொய் எழுதியவனை வைத்துக்கொள்ள முடியாது, அடுத்தவனும் எழுதுவான் என்றார்கள். நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இந்த மாதத்தோடு சரி. நீ உட்கார்ந்து அழாதே. பீட்ரூட் அறுவடைக்கு ஹார்ட்லி ஆள் கேட்டிருக்கிறார். உன் நெரிஸும் ஏதோ எழுதியிருக்கிறாள், வசந்தத்தில் வாய்க்கால் எண்ண ஆள் வேண்டுமாம். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் எழுத வந்தது வேறு. போன செவ்வாய்க்கிழமை காலை கோல்பி தனியாகப் பதினாலுக்கு வந்தார். நான் மெஷினைக் கரையில் நிறுத்திக்கொண்டிருந்தேன். "எங்கே?" என்று ஒரே வார்த்தைதான் கேட்டார். காட்டினேன். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாதுங்க, படுக்கணும் என்றேன். கோட்டும் டையுமாக அந்த மனுஷன் ஈரப் புல்லில் குப்புறப் படுத்தார். நானும் பக்கத்தில் படுத்தேன். குளிர் தொடங்கிவிட்டதால் அது வெளியே வராதோ என்று பயந்தேன்.

வந்தது. மெல்ல மேலே ஏறி, காற்றை அள்ளிக்கொண்டு, வெள்ளியாக இறங்கியது. இரண்டாம் முறை அது ஏறியபோது கோல்பி என் கையைப் பிடித்துக்கொண்டார், யார் கை என்று கவனித்திருக்க மாட்டார். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, "உங்க வேலையை என்னால காப்பாத்த முடியாது" என்றார். தெரியுங்க என்றேன். அப்புறம் வண்டியின் மேல் தாளை வைத்து என்னமோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பதினாலை வாரினேன். என் கடைசி வாய்க்கால். முடித்ததும் தாளை நிரப்பினேன். வாரிய அலுவலகத்தில் ஒரு நகல், எனக்கு ஒரு நகல்.

நீ வாசித்துக்கொண்டிருப்பது அந்த நகலின் பின்பக்கம். இந்த ஒரு முறை முன்பக்கத்தையும் பார்.

ரஸ்ஸல்

*

[தாளின் முன்பக்கம்]

வாய்க்கால் எண்: 14
மேலாளர் உத்தரவு: ஒரு கரை மட்டும், பாதி வரை. இனி எல்லா வருஷமும் இப்படியே. மற்ற வாய்க்கால்களுக்கு ஜனவரிக் கூட்டத்தில் முடிவு. – கோல்பி
வாரியது: தெற்குக் கரை
வாராமல் விட்டது: வடக்குக் கரை
வேலை நேரம்: மூன்று மணி
பார்த்துக்கொண்டிருந்த நேரம்: ஒரு மணி
ஓட்டுநர் கையொப்பம்: ரஸ்ஸல் ஃபியரி